ஆண்கள் ஒன்பது

மொன்றியலில் இருந்து புவனேந்திரன் சித்தப்பா
பஸ்ஸுக்கும் போட்டோக்கொப்பிக்கும் காசு அனுப்பியிருந்தார்.
எங்கள் வேரைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்.
வன்னி அரசனின் படையில் ஈட்டி பிடித்த ஆட்கள் நாங்கள்;
அதற்கு ஒரு தாள் கிடைத்தால் போதும்,
மகளின் கலியாணத்தன்று புத்தகமாய் அடித்துக் கொடுப்பார்.

முல்லைத்தீவில் ஏது தாள்?
இருந்தவை மூன்று தரம் எரிந்தன,
மிச்சத்தைக் கடல் வந்து கொண்டுபோனது.
கொழும்புச் சுவடிக்கூடத்துக்குப் போனேன்.
பேனையை வாசலில் வாங்கிவைத்தார்கள்,
பென்சில் கொண்டுபோகலாம்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்று, குடிசன மதிப்பு.
விளாத்திமோட்டை. வீடு ஐந்து.
ஆண்கள் ஒன்பது, பெண்கள் ஆறு.
பெயர்கள் இல்லை.
குளம் உடைந்ததென்று ஓரத்தில் ஒரு குறிப்பு,
காய்ச்சலென்று இன்னொன்று.
ஒன்பதுக்குள் எங்கள் ஆள் எவரென்று
அரிசியில் கல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் சுமுது என்ற அலுவலர்
உடைந்த தமிழில் கேட்டாள்:
"ஆமிப் புத்தகமும் இருக்கு, பாக்கிறதா?"
அந்தச் சொல்லுக்கு என் உள்ளங்கை வேர்ப்பதை
அவள் அறிய நியாயமில்லை.
தூசியைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தாள்.

துப்பாக்கிப் பட்டாளம், முல்லைத்தீவுக் கோட்டை.
குட்டன், ஊர் விளாத்திமோட்டை.
எங்கள் கூத்தனைக் குட்டனாக்கியது
ஒரு வெள்ளைக்காரக் கிளாக்கரின் காது.
உயரம் ஐந்தடி மூன்று.
இடது புருவத்தில் வெட்டுக்காயம்.
எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அப்படி இல்லை;
காயம் வழிவழியாய் வருவதில்லையே.
கடைசிக் கட்டத்தில் மட்டும் சிவப்பு மை:
ஓடிவிட்டான், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு, மாசி பதினொன்று.
கொண்டுபோனவை: கம்பளி ஒன்று, சப்பாத்து ஒரு சோடி.

ஈட்டியைப் பற்றி ஒன்றும் இல்லை.

சித்தப்பாவுக்குப் படமெடுத்து அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில்:
"இது வேறை ஆராயும் இருக்கலாம். போட வேண்டாம்."

எனக்கென்றால் சந்தேகமே இல்லை.
என் தம்பி நிமலரூபன் இரண்டு தரம் ஓடிவந்தவன்.
முதல் தரம் கட்டிய சாரத்தோடு,
நெடுங்கேணிக் காட்டால், மூன்று இரவு நடந்து.
அம்மா விறகு அடுக்குக்குக் கீழே கிடங்கு வெட்டி
பன்னிரண்டு நாள் அவனுக்குச் சோறு இறக்கினாள்.
இரண்டாம் தரம் கிடங்கு அவனுக்குக் காணவில்லை,
வளர்ந்துவிட்டான்.
மூன்றாம் தரம் கொண்டுபோனார்கள்.

இப்போது அவன் பெயர் இல்லாத புத்தகம் இல்லை.
செஞ்சிலுவை, ஆணைக்குழு, இன்னொரு ஆணைக்குழு,
காணாமற்போனோர் அலுவலகம்.
கோப்பு இலக்கங்கள் எனக்கு மனப்பாடம்.
ஓடிவிட்டான் என்று ஒரு கட்டம் எதிலும் இல்லை.
இருந்திருந்தால் அம்மா
அதற்குத்தான் புள்ளடி போட்டிருப்பாள்.

ஐப்பசியில் கணக்கெடுக்கும் வேலை எனக்கு வந்தது.
கழுத்தில் அட்டை, கையில் டப்.
எண்பத்தாறு வீடு முடித்து, மழை இருட்டோடு
கடைசியாக எங்கள் வீடு.
படலையில் நின்று, முறைப்படி, அம்மாவையே கேட்டேன்:
நேற்றிரவு இங்கே தங்கியவர்கள் எத்தனை பேர்?
அவள் வேலிக்கு அப்பால் பார்த்தாள்.
"ரெண்டு எண்டு போடு," என்றாள்.
"இப்போதைக்கு."

அன்றைக்கும் ஒருவர் கொப்பியோடு வந்து
ஐந்து வாசலிலும் நின்று கேட்டிருப்பார்.
ஒன்பது ஆம்பிளையள் என்று
ஆரோ ஒருத்தி சொல்லியிருப்பாள், கண் சிமிட்டாமல்.
அந்நேரம் பாலை மரத்துக்குப் பின்னால்
தேய்ந்துபோன சப்பாத்தை எங்கோ புதைத்துவிட்டு
நரைத்த ஒருவர், வெறுங்காலோடு,
எப்போதோ கலைத்துவிட்ட பட்டாளத்துக்கு
இன்னும் பயந்தபடி
அவர் போகட்டும் என்று நின்றிருப்பார்.